கரக ஊற்றுக்குப் பூட்டு

"சாவியக் குடுங்கப்பா," என்று இந்துமதி மறுபடியும் கேட்டாள். பொன்னுத்துரை காதில் விழாதவர்போல வேட்டியை இறுக்கிக் கட்டினார். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. அடுப்படியில் அம்மா பங்கஜம் பாத்திரங்களை ஓசைப்படாமல் எடுத்துவைத்தாள். அப்பனும் மகளும் மல்லுக்கு நின்றால் அந்த வீட்டில் மூச்சுவிடக்கூட யோசிக்க வேண்டும்.

பூட்டு போட்டிருப்பது ஊற்றுக்கு. ஜெகதளாவுக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் மேல் லைன் வீடுகளை ஒட்டிய பாறை ஊற்று அது. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு எடுக்கிற தண்ணீராம், அதனால் கீழ் லைன் ஆட்கள் தொடக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அவர்கள் திருவிழாவுக்குப் பறையடிக்கலாம், ஊற்றில் குடம் வைக்கக் கூடாது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியபோது இரண்டு லைனும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். சாதியும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறி வந்துவிட்டது. கீழ் லைனுக்கு ஓடைத் தொட்டிதான் கதி. அதற்குச் சற்று மேலேதான் களைக்கொல்லி அடிப்பவர்கள் கேன்களை அலசுவார்கள். ஊற்றுப் பக்கம் அலசினால் சாமி குத்தம்.

இந்துமதி ஊட்டிக் கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். பிராஜெக்டுக்காக இரண்டு தண்ணீரையும் எடுத்துப்போய்ப் பரிசோதித்தாள். ஊற்று சுத்தம், தொட்டியில் களைக்கொல்லி மருந்து கலந்திருந்தது. கீழ் லைன் சரிதா அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஒரு கரு கலைந்து, இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் ஊர் தானாக ஊற்றைத் திறந்துவிடும் என்று நம்பி, இந்துமதி மேல் லைன் கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். படித்த பிள்ளைகளுக்கு இந்த அசட்டு நம்பிக்கை ஒன்று வந்துவிடுகிறது.

கூட்டம் கைதட்டியது. ஊற்று கீழ் லைன் ஆட்கள் கை படாததால்தான் சுத்தம், தொட்டி அவர்கள் புழங்குவதால்தான் கேடு, காலேஜே சொல்லிவிட்டது என்று விளக்கம் சொன்னார் கோயில் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, பொன்னுத்துரைதான். தொட்டியில் விஷமென்று தெரிந்தால் கீழ் லைன் மேலே ஏறி வருமே என்று ஒருவர் பயந்தார். அந்த வாரமே கம்பிவேலி வந்தது, கேட் வந்தது, பூட்டு வந்தது.

பாடப்புத்தகத்தில் நீர் மாசுக்குப் படம் உண்டு. தொழிற்சாலை, உரம், சாக்கடை என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஓடைக்கு அம்புக்குறி போகும். அந்தப் படத்தில் அப்பாவை எங்கே வரைவது? இந்துமதியின் படிப்பே வேலிக்குக் கம்பியாகிவிட்டது.

"சரிதா வயித்துப்புள்ளக்காரிப்பா. அவளுக்கு மட்டுமாச்சும் ஒரு கொடம்."

"ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு லைனே வந்து நிக்கும்," என்றார் பொன்னுத்துரை. "அந்தத் தண்ணிக்கு என்னா இப்ப? பொறந்ததுலேருந்து குடிக்குதுங்க. அதுங்களுக்குப் பழகிப்போச்சு."



மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சங்கக் கூட்டம் முடிந்து மத்தியானம் பசியோடு வந்தார் பொன்னுத்துரை. பங்கஜம் சோறும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்தாள். சம்பலில் உறைப்பு தூக்கல். நாலு வாய் போனதும் விக்கல் எடுத்தது. இந்துமதி செம்பை முன்னால் வைத்தாள். வாய்வரை கொண்டுபோனவர், தண்ணீரின் வாடையில் நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ் லைன் தொட்டித் தண்ணிப்பா," என்றாள்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள் அவள்.

"எல்லாக் கொடத்துலயும் அதுதாங்க இருக்கு," என்றாள் பங்கஜம். "நானுந்தான் போயி எடுத்தாந்தேன்."

சாவி இடுப்பிலேயே இருந்தது. எழுந்து ஊற்றுக்கு ஓடலாம். எச்சில் கையோடு ஏன் ஓடி வருகிறீர்கள் தலைவரே என்று லைன் கேட்கும். கேட்டால், தொட்டித் தண்ணீர் தன் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் வைத்த கட்டுப்படி அப்புறம் அவர் வீடே தீட்டு.

"குடிங்கப்பா," என்றாள் இந்துமதி. "பழகிரும்."

பொன்னுத்துரை விக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.