துவக்கு இருக்கு, காடு இல்லை

ஒரு மானைச் சுட்டது யார் என்பதை அதன் வயிற்றைப் பார்த்தே கஜந்தி சொல்லிவிடுவாள். ஜெர்மனியில், வுப்பர்டால் நகருக்கு வெளியே மேட்டுத் தெருவில் இருந்த இறைச்சிக்கடையின் பின்னறையில் பத்து வருடமாகக் கத்தி பிடித்தவள் அவள். இலையுதிர்காலம் தொடங்கினால் சுற்றுவட்டார வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்டதை அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். பச்சைத் தொப்பி, பச்சைக் கோட்டு, வாய் நிறைய வீரம். மிருகத்தைக் கொக்கியில் மாட்டித் தோலை உரித்ததும் வீரத்தின் அளவு தெரிந்துவிடும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு குடலைக் கிழித்திருக்கும். பச்சைச் சாறு தொடைவரை ஊறியிருக்கும். பாதி இறைச்சி குப்பைக்குப் போகும்.

அவர்களுக்குள் மிக மோசமானவர் பல் வைத்தியர் ப்ரூக்மான். அவர் கொண்டுவந்ததில் ஒழுங்காகச் சுடப்பட்ட ஒன்றைக் கஜந்தி கண்டதேயில்லை. இந்த மனிதரிடம் பல் பிடுங்கப் போகிறவர்களை நினைத்து அவள் பரிதாபப்பட்டதுண்டு.

2002 ஒக்டோபரில் ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டாள்.

"டொக்டர், இது உங்கள் குண்டால் சாகவில்லை. ஓடி ஓடிக் களைத்துச் செத்திருக்கிறது."

ப்ரூக்மான் சிரித்தார். பத்து வருடமாக அவள் அவரை 'நீங்கள்' என்றுதான் அழைத்தாள். அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. "அப்படியென்றால் நீயே போய்ச் சுட்டுக் காட்டேன்," என்றார்.

அடுத்த கிழமையே கஜந்தி வேட்டை அனுமதிப் பத்திரத்துக்கான வகுப்பில் சேர்ந்தாள். குளிர்காலம் முழுக்க, கிழமைக்கு இரண்டு மாலை. மரங்களின் பெயர், மானின் பல்லைப் பார்த்து வயது சொல்வது, மிருக நோய்கள், சட்டம், துவக்கைக் கழற்றிப் பூட்டுவது. அவள் கணவன் வினோஜன் நகரப் பேருந்து ஓட்டுபவன். அவன் அவளைத் தடுக்கவில்லை. தடுத்துப் பயனில்லை என்று தெரிந்தவன். "படி, படி. ஆனா உனக்கு ஒரு காடு ஆர் குடுக்கப்போகினம்?" என்று மட்டும் கேட்டான். வசந்தத்தில் நடந்த சோதனைக்கு இருபத்தொரு பேர் போனார்கள். பதினான்கு பேர் தேறினார்கள். இழுபட்டு ஓடும் பன்றிப் படப் பலகையில் எல்லா வெடியும் சரியாகப் பட்டது அவளுக்கு மட்டும்தான்.

வினோஜன் கேட்ட கேள்வியின் கனம் அதன் பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

ஜெர்மனியில் யாரும் எந்தக் காட்டுக்குள்ளும் நடக்கலாம், காளான் பிடுங்கலாம். ஆனால் சுடுவதென்றால், நீங்கள் நிற்கிற ஒவ்வொரு அடி மண்ணிலும் ஏற்கனவே ஒருவருக்கு வேட்டை உரிமை இருக்கும். அரசாங்கக் காடு இருந்தது கொஞ்சம். அதற்குக் காத்திருந்தவர்கள் ஊர் நிறைய. மற்றதெல்லாம் தனியார் காணி. காணிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமாக இருப்பார்கள். அந்தச் சங்கம் வேட்டை உரிமையை ஒருவருக்கு ஒன்பது வருடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். அவர் மனம் வைத்தால்தான் இன்னொருவர் அங்கே துவக்கோடு கால் வைக்கலாம்.

கஜந்தி பதினொரு குத்தகைக்காரர்களைப் போய்ப் பார்த்தாள். ஒருவர் தன் மனைவிக்குப் பிடிக்காது என்றார். இன்னொருவர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டபடியே "உங்கள் நாட்டில் புலி சுடுவீர்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். மூன்றாவது ஆள், கூட்டு வேட்டையில் தடியால் புதரை அடித்து மிருகங்களைக் கிளப்ப ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். அவள் உரித்துக் கழுவிக் கொடுத்த இறைச்சியை வருடக் கணக்கில் தின்றவர்கள் எல்லோரும். கடையில் அவளிடம் அசடு வழிகிற இவர்களுக்குத் தங்கள் காட்டு வாசலில் நின்றால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடுகிறது என்பதைக் கண்டு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் இடம் கொடுத்தவர், தானும் ஒரு காட்டைக் குத்தகைக்கு வைத்திருந்த ப்ரூக்மான்தான்.

"என்னோடு வா. முதலில் வேலை பழகு. அடுத்த பருவத்தில் சுடலாம்," என்றார்.

அவள் வேலை பழகினாள். ப்ரூக்மான் ஏறி உட்காருவதற்கு மரத்தால் ஏழு பரண்கள் கட்டினாள். மான்கள் நக்குவதற்கு வைக்கும் உப்புக்கட்டி சுமந்தாள். அவர் சுட்டதன் குடலை எடுத்தாள். மழையில் வழுக்கும் சரிவுகளில் மிருகத்தை இழுத்துக்கொண்டு வந்து அவருடைய வண்டியில் ஏற்றினாள். அடுத்த பருவம் என்று அவர் சொன்னது வந்தது, போனது. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்று வருடத்தில் அவளுடைய துவக்கிலிருந்து ஒரு குண்டு புறப்படவில்லை. தன்னை ஏமாற்றுகிறார் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் விட்டுப் போனால் அந்தப் பதினொரு வாசலையும் திரும்பத் தட்ட வேண்டும். அதைவிடப் பரண் கட்டலாம் என்றிருந்தது.

2006 நவம்பரில் கூட்டு வேட்டை நடந்தது. பெரிய விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முற்பகலில் ப்ரூக்மான் நின்ற இடத்திலிருந்து இரண்டு வெடி கேட்டது. பெரிய ஆண் பன்றி ஒன்று பாதையைக் கடந்து ஓடியதைக் கஜந்தி பார்த்தாள். முதுகு வளைந்திருந்தது. அந்த வளைவு எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"தவறிவிட்டது," என்றார் ப்ரூக்மான். "இரத்தமே இல்லை."

அவள் போய்ப் பார்த்தாள். இரத்தம் இல்லைதான். இலைகளின்மேல் அரைத்த மக்காச்சோளம் கிடந்தது. பக்கத்தில் வெட்டுண்ட மயிர். பன்றியின் வயிற்றுக்குள் இருந்தது வெளியே கிடந்தது.

"குடலில் பட்டிருக்கிறது, டொக்டர். நாய்க்காரரைக் கூப்பிட வேண்டும். அது சட்டம்."

"விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். நான் தவறிவிட்டது என்றால் தவறிவிட்டதுதான்."

அவர் சூப் குடிக்கப் போனார். கஜந்தி அந்த இடத்தில் ஒரு கிளையை முறித்துக் குத்திவிட்டு, காயப்பட்ட மிருகங்களைத் தேடும் நாய் வைத்திருந்தவருக்குத் தன் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்தாள். குடலில் பட்ட பன்றியை உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்பதால் அவர் மறுநாள் காலை வந்தார். நாய் அவர்களை ஒன்றரைக் கிலோமீற்றர் இழுத்துப் போய், மாட்டுப் பண்ணைக்காரி லோமான் அம்மாவின் நிலத்திலிருந்த ஊசியிலைக் கன்றுகளுக்குள் நிறுத்தியது. பன்றி அங்கே படுத்திருந்தது. இன்னும் உயிர் இருந்தது. நாய்க்காரர் ஒரு வெடியில் முடித்தார்.

லோமான் அம்மா ரப்பர் சப்பாத்தோடு வந்து நின்று பார்த்தாள். அறுபது வயதுக்காரி, அவளிடமும் வேட்டைப் பத்திரம் இருந்தது. "இரவெல்லாம் இப்படியே கிடந்திருக்கிறது," என்றாள். "யாருடைய வேலை?"

கஜந்தி சொன்னாள்.

அன்று மத்தியானமே ப்ரூக்மான் தொலைபேசியில் அவளை நிறுத்திவிட்டார். காட்டிக்கொடுப்பவளுக்குத் தன் காட்டில் இடமில்லை என்றார். பரண்களை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தை மாதம் லோமான் அம்மா இறைச்சிக்கடைக்கு வந்தாள். ப்ரூக்மானின் குத்தகை பங்குனியோடு முடிகிறது. அவர் திரும்பவும் கேட்கிறார். தானும் கேட்கப்போவதாகச் சொன்னாள். "உன்மேல் இரக்கப்பட்டல்ல. அந்த ஆள் பன்றியைச் சுடத் தெரியாமல் பெருக்கிவைத்திருக்கிறான். என் மக்காச்சோளம் போகிறது. எனக்கு முழங்கால் சரியில்லை, சுடத் தெரிந்த ஆள் ஒன்று வேண்டும்."

காணிக்காரர் பட்டியலை அவள் மேசையில் விரித்தாள். தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், நிலப் பரப்பிலும் வேண்டும். எப்படிக் கூட்டினாலும் எட்டுக்கு எட்டு வந்தது. பதினேழாவது ஆள் ஒருவர் இருந்தார். ஆறு ஹெக்டேர் வைத்திருந்தும் ஒரு கூட்டத்துக்கும் வராதவர்.

"இந்தப் பெயரை எனக்கு வாசிக்க வராது," என்றாள் லோமான் அம்மா.

கஜந்தி குனிந்து வாசித்தாள். பரராசசிங்கம்.

அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். கொலோன் நகரில் இரண்டு பலசரக்குக் கடை, ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவி, நெற்றி நிறைய திருநீறு. ஊர்ச்சனம் வாய் பிளக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே ஒரு பழைய பண்ணை வீட்டைப் புல்வெளியோடு வாங்கியவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில், அவள் காதில் விழும்படியாகவே, "இறைச்சி வெட்டினது காணாதெண்டு இப்ப துவக்கும் தூக்கிக்கொண்டு திரியுதாம் ஒரு பொம்பிளை" என்று சொன்னவர். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். வீட்டுக்குள் கூப்பிடாமல் விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் காட்டினார். அவருடைய மனைவி புஷ்பமலர் தேத்தண்ணீரைக் கடதாசிக் குவளையில் கொண்டுவந்து வைத்தாள். குவளை ஏன் கடதாசி என்பது கஜந்திக்கு விளங்கியது. இறைச்சி வெட்டுகிற கை தொட்டதைக் கழுவி வைக்க அவர்களுக்கு மனம் வராது.

"அண்ணை, உங்களுக்கு வேட்டைச் சங்கத்திலையிருந்து கடுதாசி வாறேல்லையோ?"

"எனக்கும் வேட்டைக்கும் என்ன, பிள்ளை? நான் முட்டையும் தொடாத ஆள். வந்தால் கிழிச்சுப் போடுவன்."

"நீங்கள் கிழிச்சது உங்கடை வாக்கை. இஞ்சை காணி வைச்சிருக்கிற எல்லாரும் அந்தச் சங்கத்திலை ஆள்தான். இந்தக் காணியிலை ஆர் சுடலாமெண்டு முடிவெடுக்கிறது நீங்களும் சேர்ந்து."

அவர் தன் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பல்லு டொக்டர் என்ரை காணியிலை சுடுறது நான் விட்டபடியாலோ?"

"ஓம். இவ்வளவு வருசமா."

பரராசசிங்கம் எழுந்து புல்வெளியைக் காட்டினார். மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கூடாரம் போடவென்று சமப்படுத்தி வளர்த்த புல்தரை, ஏர் பூட்டி உழுத மாதிரிப் புரண்டு கிடந்தது. "பண்டியள். மூண்டு தரம். அவனுக்குப் போன் பண்ணினனான். பூந்தோட்டத்துக்குத் தான் பொறுப்பில்லையாம், வேலி போடட்டாம். வைச்சிட்டான். என்ரை பேரைக்கூடக் கேக்கேல்லை."

புல் போனதல்ல, பெயர் கேட்காததுதான் மனிதரைச் சுட்டிருக்கிறது என்று கஜந்தி கண்டுகொண்டாள்.

"அப்ப கூட்டத்துக்கு வாங்கோ. லோமான் அம்மாவுக்குப் போடுங்கோ. பண்டியை நான் பாக்கிறன்."

அவர் நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டார். "உயிர்க் கொலைக்கு நான் வாக்குப் போட ஏலாது, பிள்ளை. பாவம். ஆனா ஆளை மாத்திறதுக்குப் போடலாம். அதிலை கொலை இல்லைத்தானே?"

"இல்லை, அண்ணை," என்றாள் கஜந்தி. கொல்வது பாவம், கொல்கிறவளைத் தெரிந்தெடுப்பது பாவமில்லை. இந்தக் கணக்கைப் போடுகிற மனிதரின் வாக்குக்காக அவருடைய விறாந்தையில் கடதாசிக் குவளையோடு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்மேலும் அவளுக்குக் கொஞ்சம் வெறுப்பு வந்தது. தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்தாள்.

மாசி மாதக் கூட்டம் ஊர் உணவகத்தின் பின்னறையில் நடந்தது. ப்ரூக்மான் எல்லோருக்கும் கேக் வாங்கி வைத்திருந்தார். காணி இல்லாத கஜந்தி, லோமான் அம்மாவின் ஆளாகக் கதவோரம் நிற்கலாம் என்று விட்டார்கள். பரராசசிங்கம் கல்யாண வீட்டுக்குப் போகிற கோட்டும் சூட்டுமாக வந்தார். வேட்டைச் சங்கத் தலைவர் வரவுப் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்து அந்தப் பெயரில் தடுக்கினார்.

"ஹெர் பாரா... பாரா..."

ப்ரூக்மான் சிரித்தார். "பரவாயில்லை, அவர் எப்படியும் வருவதில்லை."

பரராசசிங்கம் எழுந்து நின்று தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். தலைவர் அதை எழுதி முடிக்கும்வரை உட்காரவில்லை. ப்ரூக்மான் அவருக்குப் பக்கமாகக் கேக் தட்டைத் தள்ளினார். "முட்டை போட்டது," என்று அவர் தட்டைத் திருப்பித் தள்ளினார்.

கை தூக்கச் சொன்னார்கள். ப்ரூக்மானுக்கு எட்டு. லோமானுக்கு ஒன்பது. நிலப் பரப்பைக் கூட்டினார்கள். ஆறு ஹெக்டேரும் சேர்ந்து அதுவும் லோமான் பக்கமே விழுந்தது.

ப்ரூக்மான் வெளியே போகும்போது கதவோரம் நின்றார். அவருடைய கழுத்துச் சிவந்திருந்தது. "வேட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு வெளிநாட்டானைக் கூட்டிவந்து வென்றிருக்கிறாய்."

"அவருக்குத் தெரியாதுதான், டொக்டர். உங்களுக்கும் தெரியாது. ஆனால் அவர் தெரியுமென்று சொல்லவில்லை."

அவர் இனிமேல் தான் சுடுவதை வேறு கடையில் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அன்று கஜந்திக்குக் கிடைத்த இரண்டாவது நல்ல செய்தி அது.

லோமான் அம்மா நெடுஞ்சாலைக்கும் பரராசசிங்கத்தின் வீட்டுக்கும் நடுவிலிருந்த சரிவில் சுடும் உரிமையை அவளுக்கு எழுதிக் கொடுத்தாள். லொறிச் சத்தம் ஓயாத, யாரும் விரும்பாத இடம். சித்திரையில் கஜந்தி அங்கே தன் முதல் பன்றியைச் சுட்டாள். ஒரு வருடக் குட்டி. நெஞ்சிலே ஒரு வெடி; நின்ற இடத்திலேயே விழுந்தது. உரிக்கும்போது ஒரு துண்டும் வீணாகவில்லை. கடைக்காரர் கொக்கியில் தொங்கியதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தமிழ்ச் சங்கத்தில் பரராசசிங்கம், தானே முன்னின்று அந்தப் பல் வைத்தியரைக் கலைத்துத் துரத்தியதாகச் சொல்லித் திரிவதாக வினோஜன் கேள்விப்பட்டு வந்தான். சொல்லட்டும் என்றாள்.

வைகாசியில் ஒருநாள் விடிய ஐந்து மணிக்குப் பரராசசிங்கத்தின் புல்வெளி ஓரத்துப் பரணில் இருந்தாள். பனி விலகும்போது ஒரு பெண் பன்றி வந்தது. அதன் பின்னால் கோடு போட்ட குட்டிகள் ஆறு. அவள் துவக்கைத் தொடவில்லை. தாய் மூக்கால் புல்லைக் கிளறியது. குட்டிகள் அதன் காலுக்குள் விழுந்தெழும்பின.

மேல்மாடி ஜன்னல் திறந்தது. பரராசசிங்கம் வெற்று மேலோடு, திருநீற்றோடு நின்றார்.

"பிள்ளை, அந்தா நிக்குது. ஏன் பாத்துக்கொண்டிருக்கிறாய்? வையன் வெடியை."

பன்றிகள் காதை உயர்த்தின. மறு நிமிடம் புதருக்குள் போய் மறைந்தன.

"குட்டி போட்ட தாய், அண்ணை. சுட ஏலாது. தாய் போனால் குட்டியள் பட்டினியிலை சாகும்."

"சாகட்டன். அதுகளும் பண்டிதானே. கூட்டத்துக்கு வந்து கை தூக்கினது என்னத்துக்கு?"

கஜந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முட்டையும் தொடாத மனிதர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஜன்னலைச் சாத்திப்போட்டுப் போய்ப் படுங்கோ, அண்ணை," என்றாள். "உங்கடை சத்தத்துக்கு இனி இந்தப் பக்கம் ஒண்டும் வராது."