எங்கூர் மெம்பர்

"மெம்பர், சிட் டவுன்!" என்று மக்களவையில் அவைத்தலைவர் அதட்டினார். பேசிக்கொண்டிருந்த துர்காதேவி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான், பின்வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்த ஒருவரும் முணுமுணுத்தபடி உட்காருவது தெரிந்தது. அதட்டல் அவருக்கு! இவளுக்குக் கொடுத்திருந்தது மூன்று நிமிஷம், அதில் பாதிதான் ஆகியிருந்தது. ஊர்ப்பெருமை, வணக்கம், நன்றி எல்லாம் அந்தப் பாதியிலேயே முடிந்துவிட்டன. எதற்காக டெல்லிக்கு வந்தாளோ அது மட்டும் மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டது.

குற்றம் அந்தச் சொல்லின் மேல்தான். கும்மிடிப்பூண்டியில் பத்து வருஷம் வார்டு கவுன்சிலர், ஐந்து வருஷம் பேரூராட்சித் தலைவி, இப்போது எம்.பி. என்று அவள் எவ்வளவு ஏறினாலும் தெருவுக்கு அவள் மெம்பர்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மெம்பரே, பிள்ளைக்குக் காது குத்தினாலும் மெம்பரே. போன வாரம்கூட ஒருத்தி டெல்லிக்குப் போன் போட்டு, "மெம்பரே, தெருலைட்டு எரியல" என்றாள். புதுக் கவுன்சிலரிடம் சொல்லம்மா என்றதற்கு அவளுக்கு ஒரே கோபம். இத்தனை வருஷமாக அந்தச் சொல் காதில் விழுந்தால் அது தனக்குத்தான் என்று பழகிய உடம்பு. ஐந்நூறு மெம்பர்கள் உட்கார்ந்திருக்கிற இடம் இது என்பது அதற்கு இன்னும் உறைக்கவில்லை.

அவளை அரசியலில் இழுத்துவிட்டது ஒரு டிபன் பாக்ஸ். அவளும் விக்டோரியாவும் அப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வீடு மூன்றாம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கம்பெனி பஸ் நிற்பது அந்தப் பக்கம். நடுவில் கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம் அசையாது. பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு அடியில் குனிந்து போவார்கள். ஒருநாள் விக்டோரியா அடியில் இருக்கும்போதே வண்டி அசைந்தது. அவள் உருண்டு வெளியே வந்துவிட்டாள், டிபன் பாக்ஸ் வரவில்லை. "புளிசோறுதான் போச்சி, நா கீறேன்ல" என்று அவள் சிரித்தாள். துர்காதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சக்கரச் சத்தம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

பாலம் வேண்டுமென்று மனு கொண்டுபோனபோது, கவுன்சிலர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். கவுன்சிலரானாள். தலைவர் தீர்மானம் போடவேண்டும் என்றார்கள். தலைவியானாள். கடைசியாக ஓர் அதிகாரி, "இதெல்லாம் எம்.பி. கேக்கணும்மா" என்று ஃபைலை மூடினார். "அப்போ அதுவும் ஆய்ட்றேன் சார்" என்றாள். அவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்போது அவைத்தலைவர் அடுத்த பெயரைப் படித்துவிட்டார். இனி பேசுவதற்கான குலுக்கலில் எப்போது பெயர் விழுமோ, தெரியாது. ஊரே செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கும். துர்காதேவி மறுபடியும் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு நிமிசம். நீங்க மெம்பர்னு சொன்னீங்கோ, நா ஒக்காந்துட்டேன். எங்கூர்ல மெம்பர்னா நா ஒருத்திதான் சார்."

மொழிபெயர்ப்பு காதுகளுக்குப் போய்ச் சேர ஒரு கணம் ஆனது. பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகக் கிளம்பியது. கத்தியவரும் சிரித்தார். அவைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலைக் காட்டினார்.

உதவியாளர் செந்தமிழில் எழுதிக் கொடுத்த தாளை அவள் மடித்து வைத்தாள்.

"மூணாம் கேட்டாண்ட எங்க பொம்பளைங்கோ கூட்ஸு வண்டிக்கு அடியில பூந்து வேலைக்குப் போறாங்கோ சார். அன்னிக்கு நசுங்குனது டிபன் பாக்ஸு. நாளிக்கு இன்னா நசுங்கும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். படிக்கட்டு வெச்ச பாலம் ஒண்ணு குடுங்க. அவ்ளோதான்."

முன்வரிசையில் அமைச்சர் ஏதோ குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தாள். பாலமா, காபிக்குச் சீட்டா, ஒன்றும் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டுக்கு வந்து போனை எடுத்ததுமே விக்டோரியா வீடியோவில் வந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு மெம்பரே நடுவுல ஒக்காந்த? எனக்கு உசுரே போச்சி!"

"அவுரு மெம்பர்னாரு…"

"அங்க எல்லாரும் மெம்பருதானே, லூசு!" விக்டோரியா சிரித்துச் சிரித்து, திரையில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. "சரி, இத்தப் பாரு."

திரை திரும்பியது. மூடிய கேட். அதற்கு அப்பால் நகராமல் கூட்ஸ் வண்டி. இந்தப் பக்கம் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் இருபது பேர் தோளில் பையுடன் நின்றிருந்தார்கள்.

"பஸ்ஸு போய்டுமே?"

"டிரைவருக்குப் போன் போட்டு நிக்கச் சொல்லிக்கீறோம். இன்னிக்கு ஒருத்தியும் குனியல. நீ அங்க நின்னுக்கினு கேக்கசொல்ல, நாங்க இங்க குனிஞ்சா நல்லாவா கீது?"

துர்காதேவி போனை முகத்தோடு நெருக்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்கடி" என்றாள்.

விக்டோரியா அந்தப் பக்கம் திரும்பி, "ஏய், மெம்பரு லைன்ல கீது!" என்று குரல் கொடுத்தாள். இருபது பெண்களும் கையைத் தூக்கி ஒரே மூச்சில் கத்தினார்கள்:

"மெம்பரே!"

படியில் இறங்கிக்கொண்டிருந்த நான்கு எம்.பி.க்கள் திரும்பிப் பார்த்தார்கள்.