பதினாலாவது ஊசி

இளவழகன் ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டவன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர் வேலை. எந்த முரட்டுக் காளையாக இருந்தாலும் கழுத்தில் தட்டிக்கொடுத்தபடியே ஊசியை இறக்கிவிடுவான். தன் வயிற்றில் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ள மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் மல்லாந்து படுத்து, பனியனை ஏற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வான். ஊசியைப் போடுவது அவன் மனைவி சுடர்விழி. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தவள், நர்சு சொல்லிக்கொடுத்த ஒரே நாளில் அதைக் கற்றுக்கொண்டாள்.

இது 2013-இல் நடந்தது. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தவனைச் சில நாள் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம், தஞ்சாவூர் போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் சி. கல்யாணத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஈரல் இன்னும் கெடவில்லை, இருபத்துநாலு வாரம் ஊசி, கூடவே தினமும் மாத்திரை, ஒழுங்காக முடித்தால் கிருமி போய்விட வாய்ப்பு நிறைய என்றார். காய்ச்சல் வரும், முடி கொட்டும், வாய் புண்ணாகும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சுடர்விழியைப் பார்த்துச் சொன்னார்: "கோபம் வரும்மா. காரணமே இல்லாம அழுகையும் வரும். குணம் மாறுற மாதிரி இருந்தா மறைக்காம உடனே என்கிட்ட சொல்லணும்."

சொன்னபடியே எல்லாம் வந்தது. சனிக்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். தலையணை உறையை உதறினால் கைப்பிடி முடி விழும். எதைத் தின்றாலும் துருவை நக்கின மாதிரி இருக்கிறது என்பான். ஆறாவது வாரத்தில் மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்தான். ஒன்பதாவது வாரம் சாம்பாரில் உப்பு கூட என்று தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவன் ஒரு தம்ளரைக்கூட ஓங்கி வைத்ததில்லை. சுடர்விழி சுவரைத் துடைத்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார், பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று பயந்தாள். இன்னும் பதினைந்துதானே என்று எண்ணிக்கொண்டாள்.

வீட்டில் அப்போது அவளுடைய அப்பா இராஜாங்கமும் இருந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். எழுபது வயதுவரை சேற்றில் நின்றவர். அம்மா போனபிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று இளவழகன்தான் போய் அழைத்து வந்தான். கிழவருக்குக் காதோடு குனிந்து உரக்கச் சொன்னால்தான் கேட்கும். பல் எல்லாம் போய்விட்டதால் வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் போட்டு இடித்துத்தான் வாயில் போடுவார். தான் எழுப்பும் சத்தம் தனக்கே கேட்காததால் நன்றாக ஓங்கியே இடிப்பார்.

பதினாலாவது ஊசிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பகல். இளவழகன் உள்ளே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கிழவர் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி உள்ளிருந்து இவன் கத்தினான். அடுக்களையில் இருந்த சுடர்விழிக்கு அது கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவன் கூடத்துக்கு வந்துவிட்டான். மாமனார் கையிலிருந்த குட்டி உலக்கையைப் பிடுங்கினான். அவர் ஏதோ வேண்டுமாக்கும் என்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ஓசிச்சோறு திங்கிற வாய்க்கு வெத்தலை ஒரு கேடா?" என்று சொல்லி அந்த முகத்தில் அடித்தான். ஒரே அடி. இடது கண்ணில் விழுந்தது.

அடுத்த நிமிஷம் அவனேதான் அவரைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். தஞ்சாவூர் போகிறவரை தேம்பித் தேம்பி அழுதான். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கிழவரின் காதோடு குனிந்து, எப்படி அடிபட்டது என்று உரக்கக் கேட்டார். யாராவது அடித்திருந்தால் போலீசுக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னார். சுடர்விழி வாயைத் திறப்பதற்குள் கிழவர் முந்திக்கொண்டார். "கன்னுக்குட்டி முட்டிடுச்சுங்க. அவுத்துக் கட்டும்போது தலையை ஆட்டிடுச்சு." கொட்டிலில் ஒரு பசுவும் கன்றும் இருந்தது நிஜம்தான். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள் செம்மொழிக்கும் அதையேதான் போனில் சொன்னார்கள்.

கண் போய்விட்டது. வார்டில் எட்டு நாள் இருந்தார். வீட்டுக்குப் புறப்படும் நாளில், ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது, கரையான் அரித்துவிடும், என்னை அங்கே கொண்டுபோய் விடு என்று மகளிடம் சொன்னார். மருமகனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை.

கிழவர் வார்டில் சேர்ந்த மறுநாளே சுடர்விழி ஈரல் டாக்டரிடம் போய் நடந்ததை முழுசாகச் சொன்னாள். சாம்பார் தட்டையும் சேர்த்துச் சொன்னாள். தட்டை எறிந்த அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டாமா என்றார் அவர். ஊசி அன்றோடு நின்றது. மீதிப் பத்து ஊசி போடவில்லை.

நிறுத்தியபிறகு இளவழகன் தேறினான். கண்ணுக்கு முன்னாலேயே தேறினான். மூன்றாவது வாரம் காய்ச்சல் நின்றது. ஒரு மாதத்தில் விரால் மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான்காவது மாதம் தலையில் பூனை முடி முளைத்தது. எருமைக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று ஆள் வந்தால் பழையபடி வண்டியை உதைத்துக் கிளம்பினான். பழைய சாந்தமான ஆளாகவும் ஆகிவிட்டான். தெருவில் பார்த்தவர்கள், மறுபிறவி எடுத்து வந்துவிட்டீர்கள் சார் என்றார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது கிருமி முன்பு இருந்த அளவுக்கே திரும்ப ஏறியிருந்தது. பரவாயில்லை, ஊசி இல்லாமல் வெறும் மாத்திரையே வரப்போகிறது, காத்திருங்கள் என்றார் டாக்டர். வந்தது. 2016-இல் மூன்று மாதம் சாப்பிட்டான். ஒரு தலைவலியோடு சரி. முடித்து மூன்று மாதம் கழித்துச் சோதித்ததில் கிருமியே இல்லை.

மாமனாரைப் பார்க்கப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போய்வந்தான். வேட்டி, பழம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பான். கிழவர் வாங்கிக்கொள்வார், சாப்பிடச் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

2017 ஜூலையில் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஈரல் நோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தியது. குணமானவர்கள் சார்பில் பேச இளவழகனைக் கூப்பிட்டிருந்தார்கள். சுடர்விழியும் செம்மொழியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவன் நன்றாகவே பேசினான். முடி கொட்டியதை, படியில் உட்கார்ந்ததை, பாதியில் நிறுத்தவேண்டி வந்ததைச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கஷ்டத்துக்கு நடுவுலதான் என் மாமனாரைக் கன்னுக்குட்டி முட்டி ஒரு கண்ணு போயிடுச்சு. நூத்திரெண்டு காய்ச்சலோட அவரைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். நோயாளி நானா அவரான்னு எனக்கே தெரியலை," என்றான். சபை கைதட்டியது. செம்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தாள்.

சுடர்விழி கைதட்டவில்லை. மேடையில் நின்றவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லும் முகமாக அது இல்லை.

மகளை விடுதியில் விட்டுவிட்டு இருட்டும் முன்பே வீடு வந்துவிட்டார்கள். மேடையில் போர்த்தின சால்வையை மடித்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள், அங்கே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. மாமாவே சொன்னதுதானே என்றான்.

"நாம மூணு பேருதானே அங்க இருந்தோம்."

"அது நான் இல்லை, சுடர். மருந்து. டாக்டரே சொன்னாரே."

நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அவள் அப்போது எடுத்தாள். அடி விழுந்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாவது ஊசிக்கு மறுநாள், அவனுடைய மேலதிகாரி, கால்நடைத் துறை உதவி இயக்குநர் ஹரிஹரசுப்ரமணியன் நலம் விசாரிக்க வந்திருந்தார். கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துத் தின்றார். செல்போன் அலற அலற, வீடே அதிர யார்யாரிடமோ பேசினார். அன்றைக்கும் இவனுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.

"எழுந்து நின்னு வழியனுப்பினீங்க. சிரிச்ச முகமா இருந்தீங்க. அன்னிக்கும் அதே மருந்துதானே உங்க உடம்புல இருந்துச்சு?"

அவன் சால்வையைக் கட்டிலில் வைத்தான். பிறகு சொன்னான்: "அந்த ஊசியைப் போட்டது நீதானே."

சாம்பார் தட்டை டாக்டரிடம் மறைத்ததும் அவள்தானே.

அதன்பிறகு ஆறு மாதம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். சாப்பாடு ஆயிற்றா, பால்காரர் வந்தாரா. பொங்கல் முடிந்த ஒரு காலையில், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அவன் தானாகச் சொன்னான். தலையை நிமிர்த்தவில்லை. "உலக்கையைப் பிடுங்கும்போது எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அவரு திருப்பி ஒண்ணும் பண்ணமாட்டாருன்னும் தெரியும்."

சுடர்விழிக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் இல்லை. "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது? அவருகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றாள். நியாயத்துக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தாள். ஆனால் அந்தக் கிழவர் முன்னால் இவன் கூனிக் குறுகி நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறி இருந்தது என்று பிற்பாடு தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரமே போனார்கள். சம்பா அறுவடை நேரம். காலனித் தெரு முழுக்க வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மருதையன் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பெண்கள் குழாயடியில் நின்றார்கள். இராஜாங்கம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் எழுந்தார். இளவழகன் உள்ளே போகக்கூடப் பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அடிச்சேன் மாமா," என்றான்.

கிழவர் தலையை ஆட்டினார். "அடிச்சாச்சு மாப்ளே, போன வாரமே அடிச்சாச்சு. மூட்டையும் போயிடுச்சு."

நெல் அடித்ததைச் சொல்கிறார். இளவழகன் அதோடு விட்டுவிடுவான் என்று சுடர்விழி நினைத்தாள். உள்ளே வாங்க என்று அவளும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு தெரு அதிரக் கத்தினான்.

"நெல்லு இல்லை மாமா! உங்களை! உங்க கண்ணை நான்தான் அடிச்சேன்! கன்னுக்குட்டி இல்லை!"

குழாயடியில் பேச்சு நின்றது. மருதையன் வைக்கோலைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். இளவழகன் புழுதியில் உட்கார்ந்து கிழவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை. இருந்த ஒற்றைக் கண்ணால் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உள்ள வந்து சொல்லியிருக்கலாமே, மாப்ளே."

காலை விடுவித்துக்கொண்டு அவர் உள்ளே போனார்; சுடர்விழியும் பின்னாலேயே போனாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். சின்ன வயதில் பண்ணை வீட்டில் கணக்குப்பிள்ளை சாட்டையை ஓங்கினபோது அதைப் பிடித்து முறித்துப்போட்டவர் அவர். இராஜாங்கத்தின்மேல் யாரும் கை வைத்ததில்லை என்று அந்தத் தெரு அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "மாடு முட்டினவன்னு கேலி பண்ணுவானுங்க, நானும் சிரிச்சுக்குவேன்," என்றார். "இனிமே மருமவன்கிட்ட அடிவாங்கிட்டு வந்து மறைச்சவன். நீதானே கூட்டியாந்தே?" அவர் காதுக்கு எட்டும்படி எப்படிச் சமாதானம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தித்தான் சொல்ல வேண்டும். வாசலில் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் கிழவர் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். எதிரே வருகிறவர்கள் தோளைத் தொட்டு, உரக்க, குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார்களாம். மருதையன் வந்து, நாலு பேரைக் கூட்டிப்போய் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்போமா என்றாராம். கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். செம்மொழிக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷத்திலிருந்து விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கே போனாள். அப்பாவின் போனை எடுப்பதில்லை. அம்மாவின் போனை எடுத்து, வைத்துவிடுவாள். சுடர்விழி வாராவாரம் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள். அவர் சாப்பிட்டார். பேசவில்லை.

இளவழகனுக்கு ஒரு குறையும் இல்லை. வருஷா வருஷம் ரத்தம் சோதித்தான், சுத்தமாக இருந்தது. ஈரல் நல்லபடி இருக்கிறது என்றார் டாக்டர். மாமனார் காலைப் பிடித்து அழுதுவிட்டுத் திரும்பி ஒரு மாதம் ஆன ஒரு சனிக்கிழமை அது. சுடர்விழி ஊருக்குப் போகப் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் காப்பியைக் குடித்துவிட்டு, நன்றியோடுதான் சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி, சுடர். மனசுல இருந்த பாரமெல்லாம் போயிடுச்சு. இப்பல்லாம் படுத்த உடனே தூங்கிடறேன்."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.