தேதி போடாத புக்கிங்

என் கணவர் அசோக்குமார் கல்யாண பேண்டு செட்டில் சாக்சபோன் வாசித்தவர். தானே அமைத்த ஏழு ஜாஸ் மெட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தபின் அந்த நோட்டு கிடைக்கவில்லை. மெட்டுகளும் அவரோடு போய்விட்டன என்றுதான் இருந்தேன்.

நேற்று, அதே செட்டில் டிரம்பெட் வாசிக்கும் நல்லகாமன் நோட்டோடு வந்தார்.

"செட்டுப் பெட்டியில கெடந்துச்சு மதினி. மொதப் பக்கத்துல மேலூர், காளவாசல்னு ஊர் பேரா இருந்துச்சு. கல்யாண புக்கிங்னு நெனச்சுட்டேன். ஒண்ணுக்கும் தேதி போடலையேன்னு அண்ணனை மனசுக்குள்ள வைஞ்சேன்."

"உள்ள திருப்பிப் பாக்கலையா தம்பி?"

"இன்னைக்குத்தான் பாத்தேன். அம்புட்டும் மெட்டோட பேரு!"

டிரம்பெட்டை எடுத்து 'மேலூர்' வாசித்தார். சட்டை தேய்க்கும்போதெல்லாம் என் கணவர் முணுமுணுத்ததுதான். முடிந்ததும் நல்லகாமனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இருங்க மதினி, இன்னும் ஆறு இருக்கு" என்று பக்கத்தைத் திருப்பினார்.