சுவருக்கு வெளியே போன பட்டறை

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறு மாதமே அவள் படுத்திருந்த அறையைப் பட்டறையாக்கிக்கொண்டவர் மதலைமுத்து. இதை அவரிடம் நேராகச் சொன்னால் கோபம் வரும். "காலியாத்தான கெடந்துச்சு" என்பார். காலியாகத்தான் கிடந்தது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் மகள் பாய் மடித்து வைத்த மூலையில் டீசல் டப்பாவும், அவள் கண்ணாடி தொங்கிய ஆணியில் சைக்கிள் டியூபும் ஏறியபோது, அவர் மனைவி ராஜமேரி ஒரு வாரம் அவருக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனிதரைக் குறை சொல்லியும் பயனில்லை. கடத்தூரில் ஒரு மோட்டார் கடையில் பதினெட்டு வருஷம் அடுத்தவருக்கு ஸ்பானர் பிடித்தவர். நாற்பத்தெட்டாவது வயதில்தான் சொந்தமாக ஒரு இடம் கிடைத்தது, அதுவும் சொந்த வீட்டுக்குள்ளேயே. கிணற்றுக்குக் கிணறு ஆயில் எஞ்சின் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. பத்துக்கு எட்டு அறை. அதில் ஒரு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், விட்டத்துக் கொக்கியில் எஞ்சின் தூக்கும் சங்கிலி, மீதி இடத்தில் எல்லாம் இரும்பு. உள்ளே போகிறவர் பக்கவாட்டில் நடந்து போய், வந்த வழியே பின்னால் நடந்து வரவேண்டும். மதலைமுத்துவுக்கு அது சொர்க்கம்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் அந்தச் சொர்க்கத்துக்கு ஆபத்து வந்தது. மகள் வேளாங்கண்ணிக்கு ஏழாம் மாதம். பாப்பிரெட்டிப்பட்டியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்தது. வழக்கப்படி தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். போன வருஷம் நாலாம் மாதத்திலேயே ஒன்று தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை இரண்டு வீட்டாருக்குமே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று சம்பந்தியம்மாள் மிக்கேலம்மாள் கிளம்பி வந்தாள். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, கோவிச்சிக்காதீங்க. இந்த கிரீசு நாத்தத்துல பச்சப்புள்ளய எங்க போடறதுங்க? எஞ்சினுக்கு மேலயா, கீழயா?"

"தங்கச்சி, எடம் பண்ணிடலாம்..."

"பண்ணுங்க, வேணாங்கல. இந்தப் பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும். அடுத்தது இங்க பாத்துக்கலாம்."

சொன்னதில் தப்பு எதுவுமில்லை. அவள் பஸ் ஏறிப் போன பிறகு ராஜமேரி, அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"வளகாப்பு அன்னிக்கி ஒங்க பொண்ணு என் கையப் புடிச்சிக்கினு என்னா சொன்னா தெரியுமா? 'யம்மா, எனக்குப் பயமா இருக்குது, நான் நம்ம வூட்டுக்கே வந்துடறன், அப்பாகிட்ட சொல்லு'ன்னா. நான் என்னாத்த வந்து சொல்றது? அப்பா அங்க ஒனக்கு எடம் வெக்கலன்னா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அறையில் இருந்த அத்தனையையும் வெளியே தூக்கிப் போட்டார்.

தூக்கிப் போட்டால் ஆயிற்றா? பங்குனி வந்தால் கிணறுகள் ஆழத்துக்குப் போகும், எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கும். அந்த நேரத்தில் பட்டறையை மூடினால் நாலு ஊர்ப் பயிர் காயும், அவர் வீட்டு அடுப்பும் அணையும். அறையும் மகளுக்கு வேண்டும், பட்டறையும் நடக்க வேண்டும். வாசலில் பரப்பிக் கிடந்த இரும்பின் நடுவே அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ராஜமேரிக்கே மனம் இளகிவிட்டது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"இதுல நேத்து எதெதத் தொட்டீங்க? அத இந்தாண்ட போடுங்க. போன மாசம் தொட்டத அங்க. இதுவரைக்கும் தொடாதத வேலியோரம்."

மூன்று குவியல் விழுந்தது. நேற்றுத் தொட்டது ஒரு கூடை. போன மாதம் தொட்டது இரண்டு கூடை. மூன்றாவது குவியல் வேலியை மறைத்து எழும்பி நின்றது. என்றைக்காவது ஆகும் என்று அவர் சேர்த்த உடைந்த பல்சக்கரம், பாதி பெடல், எந்த வண்டியுடையது என்று அவருக்கே தெரியாத ஒரு பிரேக் கம்பி. இத்தனை நாள் பத்துக்கு எட்டு அறையை ஆண்டது அந்தக் குப்பைதான். மதலைமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பல்சக்கரத்தை மட்டும் மெல்ல இந்தப் பக்கம் தள்ளப் பார்த்தார். ராஜமேரி பார்த்த பார்வையில் திரும்ப அங்கேயே வைத்துவிட்டார்.

வீட்டின் கிழக்குச் சுவருக்கும் பக்கத்து மாட்டுக்கொட்டகை வேலிக்கும் நடுவில் ஐந்தடிச் சந்து ஒன்று இருந்தது. கோழி மேய்வதைத் தவிர அதில் வேறு காரியம் நடந்ததில்லை. அதற்கு மேலே கீற்று இறக்கினார். சுவரின் உள்பக்கம் இருந்த பட்டறையை அப்படியே வெளிப்பக்கத்துக்குத் திருப்பினார். பழைய கதவுப் பலகையைக் கீல் வைத்துச் சுவரில் பொருத்தினார். இறக்கினால் மேஜை, வேலை முடிந்து தூக்கிக் கொக்கி போட்டால் வெறும் சுவர். ஒரு சாண் ஆழத்தில் மர அலமாரி, அதற்கு இரண்டு கதவு. கதவின் உட்புறத்திலும் ஆணி அடித்து ஸ்பானர்களை வரிசையாகத் தொங்கவிட்டார். திறந்து விரித்தால் அத்தனையும் கைக்கு எட்டும், சாத்தினால் ஒரே பூட்டு. வைஸுக்குப் புளியமரத் துண்டு ஒன்றைத் தரையில் பாதி புதைத்தார். கீற்றுக்குக் கீழே போகும் சட்டத்தில் புட்டி மூடிகளை ஆணியடித்து, நட்டும் போல்ட்டும் போட்ட புட்டிகளை அதில் தலைகீழாகத் திருகிவிட்டார். அத்தனையும் ராஜமேரியின் ஊறுகாய்ப் புட்டிகள். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் ஊறுகாய் மண்சட்டிக்குப் போயிற்று.

ஒரு ஆள் நின்ற இடத்தில் நின்று, அப்படித் திரும்பி இப்படித் திரும்பினால் வேலை முடிந்தது. முன்பு ஸ்பானர் தேடியே பாதிப் பொழுது போகும். 'இத்தனை நாள் இது தோன்றவில்லையே' என்று தன்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டார். மாசி பிறப்பதற்குள் அறையைத் தேய்த்துக் கழுவி, மூன்று கை சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, மிக்கேலம்மாளை மறுபடி அழைத்து வந்தார்.

அவள் சுவரை முகர்ந்தே பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், "தூளி எங்கண்ணா கட்டுவீங்க?" என்றாள்.

மதலைமுத்து விட்டத்துக் கொக்கியைக் காட்டினார். "அஞ்சு குதிர எஞ்சினத் தூக்கின கொக்கிம்மா. ஒங்க பேரப்புள்ளயத் தாங்காதா?"

சம்பந்தியம்மாள் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் வேளாங்கண்ணி வந்தாள்.

இங்கேதான் மதலைமுத்துவின் புத்தி கொஞ்சம் பிசகியது. அறையைத் திருப்பிக் கொடுத்தால் போதாது, அதில் ஈயின் சத்தம்கூட இருக்கக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் மகளின் கட்டில், இந்தப் பக்கம் இவர் மேஜை. சுத்தியல் தலைக்கு ரப்பர் டியூபைச் சுற்றினார். அடித்து நிமிர்த்த வேண்டியதை எல்லாம் சாக்கில் கட்டி ஏரிக்கரைக்குத் தூக்கிப் போனார். எஞ்சின் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றால் அந்தந்தத் தோட்டத்துக்கே போய்விடுவார். வாடிக்கைக்காரன் சந்துக்குள் வாய் திறந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போவார். பங்குனி வெயிலில் அந்த மனிதர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. மகளுக்காக என்று நினைக்கும்போது வெயிலே தெரியவில்லை அவருக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் மகள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் அப்பாவிடம் கேட்கவில்லை, அம்மாவிடம்தான் கேட்டாள். "அப்பா ஏம்மா வூட்லயே தங்கறதில்ல? நான் வந்தது அவருக்குத் தொல்லையா?" ராஜமேரி, "அந்தாளு எப்பவும் அப்பிடித்தான்டி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வலி எடுத்தது பெரிய வெள்ளிக்கிழமை காலையில்.

கிறிஸ்தவர் தெருவில் அது சாவு விழுந்த நாள் போல. கோயில் மணி முந்தின நாளே ஊமையாகிவிடும், மரக்கட்டையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். உரல் இடிக்க மாட்டார்கள், அம்மி அரைக்க மாட்டார்கள். சுத்தியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆண்டவரைச் சிலுவையில் அடித்த சாமான் அது, அன்றைக்குத் தொடுவது அவரையே மறுபடி அடித்தது மாதிரி. மதலைமுத்து வருஷா வருஷம் வியாழன் பொழுது சாய்ந்ததும் தன் சுத்தியல்களைச் சாக்கில் சுற்றிக் கட்டி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புப் பூசை முடிந்த பிறகுதான் அவிழ்ப்பார். நினைவு தெரிந்து ஒரு வருஷமும் தவறியதில்லை.

மருத்துவச்சி ராமக்கா வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்து, "ரெண்டு பேருக்கு மேல நிக்க எடமில்ல, வேற யாரும் வராதீங்க" என்று ராஜமேரியை மட்டும் உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஆள் போனது. மதலைமுத்து சந்தில், மடித்து மாட்டியிருந்த மேஜைக்குக் கீழே குந்தினார்.

உச்சி வெயில் ஏறியது. உள்ளே மகள் முனகுவது ஒன்றுவிடாமல் கேட்டது. ஜெபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. போன வருஷம் இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் கடத்தூரில் ஒரு கிணற்றடியில் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். சேதி தெரிந்து போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது இப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"யம்மா... அப்பா எங்க?" வேளாங்கண்ணியின் குரல்.

"இங்கதான்டி, செவுத்துக்கு அந்தாண்ட குந்தினு இருக்கறாரு."

"பொய் சொல்ற. எங்கயோ போயிட்டாரு. ஒரு சத்தத்தையும் காணோம்." அப்புறம் சுவரைப் பார்த்து அலறினாள். "யப்பா! இருக்கீங்களா?"

"இருக்கன்டா கண்ணு! இங்கதான் இருக்கன்!"

"அப்ப தட்டுங்க! எதுனா தட்டிக்கினே இருங்க! நான் எண்ணிக்கறன்."

மதலைமுத்து துள்ளி எழுந்தார். சாக்கு மூட்டையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "இன்னிக்கி நாளு..." என்று வாய்க்குள் இழுத்தார். அந்த இழுப்பு உள்ளே ராமக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"யோவ் மேஸ்திரி! ஒங்க சாமிகிட்ட நான் பேசிக்கறன், நீ தட்டுய்யா! பொண்ணு தளந்து ஒடம்ப வுட்டுட்டா நான் என்னா பண்ணுவன்?"

அவர் சாக்கைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். சுத்தியலில் சுற்றியிருந்த ரப்பரைக் கிழித்து எறிந்தார். ஆணி மட்டும் அடிக்க மனம் வரவில்லை. மூலையில் சாய்ந்திருந்த ஒரு சைக்கிளின் நசுங்கிய மட்கார்டை இழுத்துப் புளியங்கட்டையில் போட்டு அடித்தார். 'ஆண்டவரே, மன்னிச்சிக்கோ' என்றபடி ஒன்று. மறுபடி ஒன்று. ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் போனது.

உள்ளே மகள் எண்ணினாள். பத்து வரைக்கும் போவாள், வலியில் எண்ணிக்கை அறுந்துவிடும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள். அவள் குரல் எழும்பும்போது இவர் வேகமாக அடித்தார், தாழும்போது மெதுவாக அடித்தார். மட்கார்டு நிமிர்ந்து எவ்வளவோ நேரமாயிற்று. நிமிர்ந்ததை நசுக்கி மறுபடி நிமிர்த்தினார்.

பகல் பஸ்ஸில் இறங்கிய மிக்கேலம்மாள், வெள்ளைச் சேலையும் கையில் ஜெபமாலையுமாகச் சந்துக்குள் ஓடி வந்தாள்.

"அண்ணா! இன்னிக்கி என்னா நாளுங்க! ஒங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? பாவம்ங்க! வயித்துப் புள்ளக்காரிய வெச்சிக்கினு..."

அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. அப்போதுதான் சுவருக்குள்ளிருந்து வந்த குரல் மிக்கேலம்மாளுக்குக் கேட்டது. "நாலு... அஞ்சு... ஆறு..." ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண்.

அவர் கை ஓய்ந்துபோய், அடிக்கிற அடிக்கு மட்கார்டு துள்ளி நழுவிக்கொண்டிருந்தது. மிக்கேலம்மாள் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சேலையோடு மண்ணில் மண்டி போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தத் தகரத்தின் ஒரு முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"நான் புடிச்சிக்கறன். நீங்க வுடாம தட்டுங்கண்ணா."

எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. தெருவில் ஆட்கள் கூடினார்கள், யாரோ எதையோ கேட்டார்கள், மிக்கேலம்மாள் தலையைத் தூக்காமலே அதட்டி அனுப்பினாள். உள்ளே எண்ணுவது நின்று ஒரே அலறலாக மாறியது. மதலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். சத்தம் நின்றால் மகள் போய்விடுவாள் என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது.

அதனால்தான் பிள்ளை அழுதது அவருக்குக் கேட்கவில்லை. சம்பந்தியம்மாளுக்குக் கேட்டது. தகரத்தை விட்டுவிட்டு எழுந்து வாசல் பக்கம் ஓடினாள். பிடி போன மட்கார்டு கீழே விழுந்தது, அடுத்த அடி வெறும் கட்டையில் விழுந்தது. அதற்கு அடுத்த அடியும் அங்கேயே விழுந்தது.

"போதும் நிறுத்துங்க!" ராஜமேரி உள்ளேயிருந்து அழுதுகொண்டே கத்தினாள். "பேரன் இந்தக் கத்து கத்தறான், அது ஒங்க காதுல வுழலியா?"

மதலைமுத்து சுத்தியலைப் போட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தார்.

"வேளா... இருக்கியாம்மா?"

உள்ளே பிள்ளையின் கத்தல்தான் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பாதி செத்துப் பிழைத்தார்.

"இருக்கன்ப்பா."

அவர் அங்கேயே, சுவரோடு சுவராக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறந்தது பேரனா பேத்தியா என்று ராஜமேரி சொன்னது காதில் ஏறவே இல்லை. வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சம்பந்தியம்மாளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.