செவ்வந்தி வீட்டு பாத்ரூம்

துடியலூரில் எங்கள் வீதிக்கு மாப்பிள்ளை விசாரிக்க யார் வந்தாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். யார் வீட்டில் என்ன வேகிறது என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னை விட்டுவிட்டு அந்தச் சத்தியமங்கலத்து அம்மா பக்கத்து வீட்டுச் செவ்வந்தியிடம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அதுவும் விசாரிக்கப் போகவில்லை. பாத்ரூம் போகப் போனார்.

செவ்வந்தி, சாமியாத்தாள் அக்காவின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தையல்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், சாப்பாடு டெலிவரி செய்யும் பெண்பிள்ளைகள், கீரைக்காரி என்று எந்தப் பெண் தவித்து நின்றாலும், "வாங்க கண்ணு" என்று தன் பாத்ரூமைத் திறந்துவிடுவாள். உள்ளே சோப்பு, ஆணியில் துவைத்த துண்டு. வெளியே வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர். பேர் கேட்க மாட்டாள், ஊர் கேட்க மாட்டாள். எனக்கென்றால் இரண்டும் தெரியாமல் தாழ்ப்பாளில் கையே போகாது.

"யாரு எவருன்னு கேக்காம உள்ள உடறியே, பயமில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வர்றது ஏசப்பாவா இருந்தா என்னங்க்கா பண்றது?"

"ஏசப்பா கீரைக்கூடையத் தூக்கிட்டா வருவாரு?"

"ஏனுங்க, வரக்கூடாதுங்களா?" என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

சாமியாத்தாள் அக்காவுக்கு இது ஆகவில்லை. தோட்டம், ஒர்க்‌ஷாப், மாடிவீடு எல்லாம் உண்டு. மகன் நிதீஷுக்குப் பெண் மட்டும் அமையவில்லை. அந்தக் கடுப்பு எங்கே இறங்கும்?

"கண்டவியெல்லாம் வந்து போறதுக்கு இதென்ன உக்கடம் பஸ் ஸ்டாண்டா? கதவச் சாத்து. இல்லீனா இந்த மாசத்தோட ஊட்டக் காலி பண்ணு."

செவ்வந்தியின் மகள் மதிவதனி பத்தாவது படிக்கிறாள், பரீட்சை நெருங்கிவிட்டது. ஒரு கதவைச் சாத்தினால் பிள்ளை இருந்த இடத்திலேயே படிக்கும். நானும் சொல்லிப் பார்த்தேன். "மனசு வரலீங்க்கா" என்றவள் மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி கேட்கப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் அந்தச் சத்தியமங்கலத்து அம்மா காரில் வந்து இறங்கினார். நகைநட்டு அதிகமில்லை, முகத்தில் ஒரே அவசரம். செவ்வந்தி வழக்கம்போலக் கூட்டிப் போனாள். நான் துணி காயப்போடும் சாக்கில் மதிலோரம் நின்றேன். காய்ந்த துணிதான், இருந்தாலும் காயப்போட்டேன்.

தண்ணீர் குடித்து ஆசுவாசமானதும் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏனுங்க அம்மணி, மாடில இருக்கற உங்க ஊட்டுக்காரங்க எப்படிங்க? பையன் குணம் எப்படி?"

எனக்குத் திக்கென்றது. பெண் வீடு! செவ்வந்தி வாயைத் திறந்தால் நிதீஷ் கதை முடிந்தது.

"தங்கமான தம்பிங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டப்ப, கொட்டற மழைல காரெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சுங்க."

"அப்புறம் ஏனுங்க பொட்டி கட்டி வெச்சிருக்கறீங்க?"

செவ்வந்திக்குப் பொய் வராது. "வர்றவியளுக்கு பாத்ரூம் தொறந்து உடறது அம்மாவுக்குப் புடிக்கலீங்க. ஊடு அவியளுது. அவிய மேல தப்பில்லீங்க."

அவர் கையிலிருந்த சொம்பைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நேராக மாடி ஏறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. மாடிக்கு என் மதில் எட்டாது. இறங்கும்போது படியில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"பையனப் பத்தி அந்த அம்மணி சொன்னது போதுமுங்க. எங்க அக்ஷயாவப் பாக்க வாங்க. ஆனா அவங்களக் காலி பண்ணச் சொல்லாதீங்க. அவங்க இல்லீனா நானு ரோட்டுல நின்னு என்ன பாடு பட்டிருப்பனோ!"

கார் போனதும் சாமியாத்தாள் அக்கா கீழே வந்தார். "பொட்டியப் பிரி" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது.

பெண் பார்த்து, நிச்சயமும் ஆகிவிட்டது. ஆனால் பெண்ணின் மாமன், சித்தி என்று இன்னும் யார் யார் வேவு பார்க்க வருவார்களோ? நேற்று துடைப்பம் விற்கிற சீமாற்றுக்காரி ஒருத்தி வாசலில் தயங்கி நின்றாள். மாடியிலிருந்து குரல் வந்தது: "ஏனுங்க அம்மணி, பாத்ரூம் போகோணுங்களா? கூச்சப்படாதீங்க, உள்ள புது பக்கெட் வெச்சிருக்குது!"

கீழே இவள் ஏசப்பாவை எதிர்பார்க்கிறாள். மேலே அவர் சம்பந்தியை எதிர்பார்க்கிறார். சீமாற்றுக்காரி தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியே வந்தவளிடம் பேரையும் ஊரையுமாவது கேட்கலாமென்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் செவ்வந்தி சொம்பை நீட்டிவிட்டாள்.