பால் தேத்தண்ணியும் நீலப் படகும்

ஒரே பெயின்ட், ஒரே எயார்பிரஷ், ஒரே கை. வத்தளையில் என் நண்பன் இன்னாசிப்பிள்ளையின் வீட்டில் அடித்தபோது கண்ணாடி போல விழுந்த நீலம், புத்தளத்தில் என் வீட்டில் அடித்தால் ரவை தூவியது போல விழுந்தது. ஏன் என்று மூன்று கிழமையாகப் பிடிபடவில்லை. பத்தொன்பது வருடமாகப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடத்தான் விருப்பம்.

அடித்தது ஒரு கற்பிட்டி மீன்பிடிப் படகின் மாதிரிக்கு. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, உண்மைப் படகில் இருபத்துநாலில் ஒரு பங்காக நானே கட்டியது. ஒரு சாண் நீளம். தின்னர் கலக்கிற பெயின்ட் அடித்தால் என் மனைவி ஹாஜராவுக்கு மூச்சிழுப்பு வரும். அதனால் அக்ரிலிக். அதில் நிறத் துகளும் பிசின் துகளும் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் காய்ந்ததும் பிசின் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிறது. பெயின்டைக் காற்றால் தூவுகிற எயார்பிரஷின் வாய் மூன்று தலைமயிர் தடிப்புத்தான். போத்தலில் உள்ளபடி ஊற்றினால் அடைக்கும். தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பால் பதம் என்று எல்லோருக்கும் விளக்குவேன். அந்தச் சொல்லிலேயே விடை இருந்தது எனக்கு மட்டும் விளங்கவில்லை.

முதலில் காற்றைக் குற்றம் சொன்னேன். உப்பளப் பக்கமிருந்து வரும் காற்றில் பெயின்ட் பறக்கும்போதே காய்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தி, வேர்வையில் குளித்து அடித்தேன். ரவை. பிறகு எயார்பிரஷின் காற்றழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ரவை. பிறகு அதன் வாய்க்குக் கொழும்பிலிருந்து புது ஊசி எடுப்பித்தேன். புது ஊசியில் புது ரவை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாஜரா நான் படகு கட்டுகிற அறையின் வாசலில் நின்று கேட்டாள்: "இது படகா, முதலைத் தோலா?"

அவளுடைய தங்கச்சி றஹ்மாவுக்குத் தையல் மெஷின் வைக்க இடமில்லை. என்னுடைய அறையில் றஹ்மாவின் கண் விழுந்து ஒரு வருடம். எனக்கோ வீட்டில் இருக்கிற ஒரே மூலை அது. அந்த ரோசத்தில் வாய் என்னை முந்தியது: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் படகு வழுவழுப்பா வரலண்டா, அறை றஹ்மாவுக்கு!"

"இன்ஷா அல்லாஹ்," என்றாள் ஹாஜரா. யாருடைய பக்கம் துஆ கேட்டாள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றஹ்மா அளவு நாடாவோடு வந்தாள். சுவரை அளந்தாள். என் மேசையையும் அளந்தாள்.

"மச்சான், இந்த மேசையை எங்க போடுவீங்க?"

"நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு கேளுங்க."

"சரி, மூஞ்சிய நீட்டாதீங்க. தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."

பால் தேத்தண்ணி வந்தது. கோப்பைக்குள் பார்த்தேன். பால்மா திரிந்து, மேலே வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் மிதந்தன.

குசினி அடுப்படியிலிருந்து ஹாஜரா கத்திக்கொண்டே வந்தாள்: "அடியேய், கெணத்துத் தண்ணியிலயா ஊத்தின? அது உப்பு! குடிக்கிற தண்ணி அந்தக் கேனுக்குள்ள இரிக்குடி!"

எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி தண்ணீர் பில்டர் நிலையம் வந்த பிறகு, வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குளிக்க, கழுவக் கிணறு. குடிக்க, சமைக்கக் கேன். கேன் தண்ணீரில் கை கழுவினாலே ஹாஜரா கணக்குக் கேட்பாள். ஆகவே நல்ல கணவனாக, பெயின்டுக்கு நான் எப்போதும் கிணற்றுத் தண்ணீரைத்தான் கலந்தேன். வத்தளையில் கலந்தது குழாய்த் தண்ணீர்.

கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"என்ன மச்சான், இலையான் விழுந்திரிக்கா?"

"இல்ல, றஹ்மா. இது என்ட பெயின்ட்!"

இருவரும் என்னைப் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தாமல் விளக்கினேன். பாலில் உள்ள நுண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்பும் கல்சியமும் நிறைந்த தண்ணீரில் அந்தத் தள்ளல் அடங்கிப்போகிறது. துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. அக்ரிலிக்கும் அப்படியே. அது எயார்பிரஷின் கிண்ணத்திலேயே திரிந்துவிடுகிறது. இந்தப் பாடத்தைப் பத்தொன்பது முறை கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன் நான்.

"அப்ப மூணு கிழமையா படகுக்குத் திரிஞ்ச தேத்தண்ணி அடிச்சிரிக்கீங்க," என்றாள் ஹாஜரா.

"ஓம்."

ரவை முழுவதையும் ஈரத்தோடு தேய்த்து எடுத்தேன். எயார்பிரஷைக் கேன் தண்ணீரில் கழுவினேன். புதிதாகக் கலந்து, மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது றஹ்மா படகின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நகம் எங்கும் தடக்கவில்லை.

"வழுக்குது, மச்சான்," என்று நாடாவைச் சுருட்டினாள். பிறகு கூடத்து ஜன்னலடியை அளக்கப் போனாள். அங்கே நான் சாய்ந்து பேப்பர் வாசிக்கிற சாய்மனைக் கதிரை கிடந்தது. அதைக் காப்பாற்ற நான் சவால் எதுவும் விட்டிருக்கவில்லை.

அறைச் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன்: பத்துத் துளி பெயின்டுக்கு ஆறு துளி கேன் தண்ணீர். கழுவுவதும் கேன் தண்ணீரிலேயே. கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் கூடாது.